வின்டேஜ் டோனும் வெடி லேபிளும்

மக்களே, ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம், அதனால இந்தப் பக்கமே எட்டிப் பாக்க முடியல. ஆனா இந்தப் பதிவை மட்டும் எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. எலக்ட்ரிக் கிட்டார் பிக்கப் பத்தின பதிவு. கிட்டார் தெரியாதவங்களும் படிக்கலாம், விஷயம் கடைசியில காசுலதான் வந்து நிக்கும். கிட்டார் வாசிக்கிற சக பதிவர்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும். வரட்டும். உள்குத்து எதுவும் இல்ல, எல்லாமே நேர்குத்துதான். முதல் குத்து எனக்கே.

போன வருஷம் இதே பதிவுல "பிக்கப் மாத்தாம டோன் மாறாது"ன்னு ஒரு ஜல்லி அடிச்சேன். ஞாபகம் இருக்கும். பின்னூட்டத்துல எல்லாரும் சேந்து கும்மி அடிச்சீங்க. வார்ம், க்ரீமி, தேன் மாதிரி, மர வாசம் அடிக்குதுன்னு ஆளாளுக்கு அள்ளி விட்டோம். ஒருத்தர்கூட "தம்பி, நீ எந்த ஆம்ப்ல கேட்டே?"ன்னு கேக்கல. நானும் சொல்லல.

அந்தப் பதிவை எங்க ஊர்த் தம்பி ஒருத்தன் படிச்சிட்டான்.

எங்க ஊருன்னா நாரணாபுரம், சிவகாசிக்கு ஒட்டுனாப்ல. வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ்னு எல்லாத்தையும் 'ஆபீஸ்'னு சொல்ற ஊரு. நான் பெங்களூர்ல பொட்டி தட்டுறதையும் ஆபீஸ்னுதான் சொல்வாங்க, அதுல ஒரு சமத்துவம் இருக்கு. தம்பி ஒரு ஆப்செட் பிரஸ்ல கட்டிங் மெஷின் பாக்குறான். ஞாயித்துக்கிழமை சபையில கிட்டார் வாசிப்பான். பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல் வந்தா மேடைக் கச்சேரி. கையில இருக்கறது 9,000 ரூபாய் கிட்டார், ஒரு பழைய மல்டி எஃபெக்ட்ஸ் பெடல். பெடல்லேர்ந்து நேரா மிக்சர், அங்கேர்ந்து சவுண்ட் சர்வீஸ்காரர் கட்டுன ஹார்ன் வெச்ச பெட்டி ஸ்பீக்கர். தனியா கிட்டார் ஆம்ப்னு ஒண்ணு கிடையாது.

ஓவர்டிரைவ் போட்டா சத்தம் ஊசியா குத்துதுன்னு அவனுக்குக் குறை. என் பதிவைப் படிச்சிட்டு, தீபாவளி போனஸோட சீட்டு எடுத்த பணத்தையும் போட்டு, "1950கள் மாதிரியே கையால சுத்தியது"ன்னு அட்டையில அச்சடிச்ச ரெண்டு ஹம்பக்கர் பிக்கப் வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சிருக்கான். கூரியர், கஸ்டம்ஸ் எல்லாம் சேத்து 23,000 ரூபாய். கிட்டார் 9,000, அதுக்குள்ள உக்காந்திருக்கிற பிக்கப் 23,000.

தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப கிட்டாரைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, நீங்க எழுதுனத பாத்துத்தான் மாத்துனேன். அப்பயும் அதே மாதிரிதாண்ணே குத்துது. என் விரல்லதான் ஏதும் கோளாறா?"

பணம் போச்சுன்னு அவன் என்னைத் திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அவன் தன்னையே சந்தேகப்பட ஆரம்பிச்சிருந்தான். இந்தப் பதிவு அந்தக் கேள்விக்குத்தான்.

பெடலை வாங்கி மெனுவை ஒவ்வொண்ணா நோண்டுனேன். கடைசிப் பக்கத்துல 'கேபினட்'னு ஒரு செட்டிங், ஆஃப்ல இருந்துச்சு. ஆன் பண்ணேன். கிட்டார்ல டோன் நாப் பத்துல இருந்துச்சு, ஆறுக்கு இறக்குனேன். பிக்கப்போட ரெண்டு பக்க ஸ்க்ரூவையும் தளர்த்தி, கம்பியிலேர்ந்து கொஞ்சம் தள்ளி வெச்சேன். மொத்தம் பத்து நிமிஷம். செலவு சைபர். தம்பி ஒரு கார்டு அடிச்சான், என்னைப் பாத்தான், மறுபடி அடிச்சான். குத்தல் போயிருச்சு.

அதோட விட்டிருக்கலாம். நான் எஞ்சினியர் இல்லையா, சும்மா இருப்பேனா? சால்டரிங் அயனை எடுத்து கிட்டாரோட வந்த பழைய பிக்கப்பையே திரும்ப மாட்டிப் பாத்தோம். வித்தியாசம் இருந்துச்சு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா கேபினட்டை ஆன் ஆஃப் பண்ணப்ப கேட்ட வித்தியாசத்தோட வெச்சுப் பாத்தா அது ஒண்ணுமே இல்ல. தம்பி ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "சீட்டு இன்னும் எட்டு மாசம் கட்டணும்ணே"ன்னு மட்டும் சொன்னான்.

என்ன நடந்துச்சுன்னு சுருக்கமா சொல்லிடறேன். கிட்டார் ஆம்ப்ல இருக்கற 12 இன்ச் ஸ்பீக்கர், சாதாரணப் பாட்டு கேக்கற ஸ்பீக்கர் மாதிரி கிடையாது. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல அதுல சத்தம் சரசரன்னு சரிஞ்சிடும். ஓவர்டிரைவ்ல உண்டாகிற அந்த எரிச்சல் சத்தம் எல்லாம் அதுக்கு மேலதான் இருக்கு. அதாவது நாம 'வார்ம்'னு கொண்டாடுறதுல பெரும்பங்கு, ஸ்பீக்கர் சொல்லாம விட்ட விஷயம். மேடையில இருந்த ஹார்ன் அந்த எரிச்சலை ஒண்ணு விடாம ஊருக்கே வாசிச்சுக் காட்டிட்டு இருந்துச்சு. அங்க 1959ல செஞ்ச ஒரிஜினல் பிக்கப்பையே கொண்டுவந்து மாட்டினாலும் குத்தத்தான் செஞ்சிருக்கும். பக் எந்த வரியில இருக்குன்னு பாக்காம சர்வரை மாத்தச் சொன்ன ஆலோசகர் யாருன்னா, அடியேன்தான்.

சரி, இனி நம்ம வின்டேஜ் பக்தர்கள்கிட்ட வருவோம்.

முதல்ல லேபிள். இதைப் பத்திப் பேச எங்க ஊர்க்காரனுக்கு உரிமை உண்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923ல கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டி வந்ததும் அதுக்கு லேபிள் வேணும், லேபிளுக்கு அச்சு வேணும், அப்படித்தான் சிவகாசியில அச்சுத்தொழில் வளந்துச்சு. பெட்டிக்கு மேல என்ன படம் இருந்தாலும் உள்ள இருக்கற மருந்துதான் வெடிக்கும்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புலி படம் போட்டா சத்தம் கூடாது. நடிகை படம் போட்டா கம்பி மத்தாப்பு கூடுதலா எரியாது. இது தெரிஞ்ச ஊர்லேர்ந்து வந்த நானே ஒரு ஸ்டிக்கர்ல ஏமாந்தேன் பாருங்க, அதுதான் வெக்கக்கேடு.

பிஏஎஃப், பிஏஎஃப்னு உருகுறோமே, அது என்ன தெரியுமா? கிப்சன் கம்பெனியில சேத் லவர்ங்கிற எஞ்சினியர் ஹம்பக்கரை உருவாக்கி 1955ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். 1957லேர்ந்து லெஸ் பால் கிட்டார்ல அது வந்துச்சு. காப்புரிமை இன்னும் கைக்கு வரல, அதனால பிக்கப்புக்கு அடியில 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது'ன்னு இங்கிலீஷ்ல ஒரு குட்டி ஸ்டிக்கர் ஒட்டினாங்க. அந்த மூணு வார்த்தையோட முதல் எழுத்துதான் பிஏஎஃப். நம்ம பாஷையில சொன்னா 'மனு நிலுவையில் உள்ளது'. இதைத்தான் இன்னைக்கு சாமி பேர் மாதிரி உச்சரிக்கிறோம்.

இன்னும் இருக்கு. காப்புரிமை 1959லயே கிடைச்சிருச்சு. ஆனாலும் அதே ஸ்டிக்கர் சில வருஷம் ஓடுச்சு. அப்புறம் 1960களில் நம்பர் போட்ட ஸ்டிக்கர் வந்துச்சு, 2,737,842னு. அந்த நம்பர் இந்தப் பிக்கப்போட காப்புரிமை நம்பரே கிடையாது, லெஸ் பால் வாங்கியிருந்த டெயில்பீஸ் காப்புரிமையோடது! அச்சாபீஸ்ல இப்படி ஒரு தப்பு நடந்தா எங்க ஊர்ல மொத்த ரீமையும் திருப்பி அனுப்பிடுவாங்க. அங்க அது புனிதச் சின்னம் ஆயிருச்சு.

ஸ்டிக்கரை விடுங்க, உள்ள மருந்தாவது ஒண்ணா இருந்துச்சான்னா, அதுவும் இல்ல. அந்தக் காலத்துல சுத்தின பிக்கப்கள்ல காயில் சுத்து எண்ணிக்கை ஒண்ணுக்கொண்ணு கணிசமா மாறும். மின்தடை சுமார் 7 கிலோ ஓம்லேர்ந்து 9 கிலோ ஓம் வரைக்கும் இருக்கு. காந்தமும் அல்நிகோ வகையில எது கைவசம் இருந்துச்சோ அது. ஆக 'அசல் பிஏஎஃப் டோன்'னு ஒரே ஒரு டோன் கிடையாது. எந்த பிஏஎஃப்? திங்கக்கிழமை சுத்துனதா, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போற அவசரத்துல சுத்துனதா?

அடுத்து, "பழசாக ஆகத்தான் காந்தம் கனியும்"ங்கற வாதம். மாம்பழமா அது? அல்நிகோ காந்தத்தை அடிக்காம, சுடாம வெச்சிருந்தா பல வருஷத்துல அது இழக்கிற வலு ரொம்பக் கொஞ்சம். அதைவிட சுலபமா ஒரு விஷயம் யோசிங்க. நாம காதுல வாங்கி மயங்குற அந்தப் பழைய ரெக்கார்டுகள்ல ஒலிக்கிற பிக்கப், பதிவு பண்ண அன்னைக்குப் புதுசு. எரிக் கிளாப்டன் 1966ல ஜான் மேயாலோட சேந்து வாசிச்ச ஆல்பத்தைத்தான் லெஸ் பால் டோனுக்கு வேதம்னு சொல்றாங்க. அந்தக் கிட்டார் 1960 வாக்குல செஞ்சதுன்னு நம்பப்படுது. அதாவது ஆறு வருஷப் பழசு. நம்ம தம்பியோட பெடலே அதைவிடப் பழசு! அந்த ரெக்கார்டிங்ல மார்ஷல் ஆம்பை எந்த அளவுக்கு சத்தமா திருப்பி வெச்சிருந்தார்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஆம்ப் சத்தத்தைப் பெட்டியில போட்டு விக்க முடியாது, பிக்கப்பை விக்கலாம்.

அடுத்து நம்ம மல்டிமீட்டர் சித்தர்கள். "என்னோடது 8.2 கிலோ ஓம், அதான் இவ்வளவு வார்ம்"னு பின்னூட்டம் போடறவங்க கைதூக்குங்க. அய்யா, மின்தடை காயிலோட குணத்துல ஒரு துணுக்குதான். தாமிரக் கம்பியோட மின்தடை வெப்பத்தைப் பொறுத்து மாறும், டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம். 20 டிகிரி ஏசி ரூம்ல 8.0 காட்டுற அதே பிக்கப், எங்க ஊர் மே மாச மத்தியானம் 40 டிகிரியில 8.6 காட்டும். அப்ப நாரணாபுரத்துக்கு வந்தா எல்லாப் பிக்கப்பும் வார்ம் ஆயிடுமா? வெயில்ல வேணா ஆகும்.

சத்தத்தோட நிறத்தைத் தீர்மானிக்கறது காயிலோட இண்டக்டன்ஸும் அதோட சேர்ற கெப்பாசிடன்ஸும். ரெண்டும் சேந்து ஒரு குறிப்பிட்ட அலைவரிசையைத் தூக்கிக் காட்டும், அதுக்கு மேல எல்லாத்தையும் அமுக்கிடும். கெப்பாசிடன்ஸ்ல பெரும்பங்கு எங்கேர்ந்து வருதுன்னா, நீங்க மிதிச்சு மிதிச்சு அழுக்காக்கி வெச்சிருக்கற கேபிள்லேர்ந்து! கணக்கு போட்டுப் பாத்தேன். பழைய பாணி ஹம்பக்கருக்கு 4.5 ஹென்றி, காயிலோட சொந்தக் கெப்பாசிடன்ஸ் 100 பிகோஃபாரட், கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட்னு வெச்சுக்குங்க. 3 மீட்டர் கேபிள்ல உச்சம் சுமார் 3,750 ஹெர்ட்ஸ்ல நிக்கும். 6 மீட்டர் கேபிள் போட்டா சுமார் 2,840க்கு இறங்கிடும். கேபிளை நீட்டினதுக்கே இவ்வளவு. இதுல 500 கிலோ ஓம் வால்யூம் பாட்டை எடுத்துட்டு 250 போட்டா அந்த உச்சமே மழுங்கிடும். ஒரு பாட் விலை என்ன? டீ, வடை கணக்குல சொல்லலாம்.

டோன் நாபுக்குப் பின்னாடி இருக்கற கெப்பாசிட்டருக்கும் ஒரு மதம் இருக்கு. பழைய எண்ணெய்க் காகித வகைதான் உசத்தியாம். 0.022 மைக்ரோஃபாரட்னா அது ஆரஞ்சு கலர்ல இருந்தாலும் 0.022தான், கறுப்புல கோடு போட்டிருந்தாலும் 0.022தான். பழசு ரெண்டுக்கு வித்தியாசம் கேக்குதுன்னா, உள்ள மதிப்பு மாறிப் போயிருக்கும், அளந்து பாருங்க. முதல்ல அந்த நாபை யாராவது தொடுங்கப்பா. நாலு பேர்ல மூணு பேர் கிட்டார்ல அது பத்துலயே துரு ஏறிக் கிடக்கு.

"அப்ப பிக்கப்பே முக்கியம் இல்லன்னு சொல்றியா?"ன்னு சண்டைக்கு வருவீங்க. அப்படி நான் சொல்லவே இல்ல. பிக்கப்ல காதுக்குக் கேக்கற வித்தியாசம் இருக்கு. அது அட்டையில அச்சடிச்ச வருஷத்துல இல்லாம வேற இடத்துல இருக்கு. நிஜமாவே வாங்கப் போறவங்களுக்கு, நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும்:

1. எந்தப் பிக்கப்ங்கறதை விட எந்த இடத்துப் பிக்கப்ங்கறது பெருசு. கழுத்துப் பக்கம் இருக்கறது இயல்பாவே கனமா, மென்மையா ஒலிக்கும். பிரிட்ஜ் பக்கம் இருக்கறது கூரா ஒலிக்கும். ஸ்விட்சைத் தட்டுங்க, இலவசம்.

2. சிங்கிள் காயிலா ஹம்பக்கரா, இது நிஜமான முடிவு. ஹம்பக்கர்ல ரெண்டு காயில் எதிரெதிரா வேலை செஞ்சு வெளிய இருந்து வர்ற இரைச்சலைக் கழிச்சிடும். சேத் லவர் அதைச் செஞ்சதே 'ம்ம்ம்'ங்கற அந்த இரைச்சலை ஒழிக்கத்தான், தேன் வடிக்க இல்ல. சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் சூழ்ந்த எங்க பொங்கல் மேடைக்கு அது ஒண்ணே போதும் காரணம். ரெண்டுக்கும் நடுவுல வேணும்னா 1946ல கிப்சன் கொண்டுவந்த பி-90 வகை. சிங்கிள் காயில்தான், ஆனா சதைப்பிடிப்பா ஒலிக்கும். இரைச்சலும் கூடவே வரும்.

3. மென்மை வேணும்னா சுத்து அதிகமான 'ஹாட்' பிக்கப் பக்கம் போகாதீங்க. அது ஆம்பைச் சீக்கிரம் உடைக்கும், நடுப்பகுதியை உப்ப வைக்கும், தெளிவைக் குறைக்கும். பழைய பாணி ஹம்பக்கர்னா அளவான சுத்துதான்.

4. அல்நிகோ 2 வலு கம்மி, அல்நிகோ 5 வலு ஜாஸ்தி. வலுவான காந்தத்தைக் கம்பிக்கு ரொம்பப் பக்கத்துல வெச்சா கம்பியையே இழுத்து ஸ்ருதி சேராம பண்ணும். அதனால காந்தத்தை மாத்தறதுக்கு முன்னாடி உயரத்தை மாத்துங்க. ஸ்க்ரூடிரைவர் வீட்லயே இருக்கும்.

5. கம்பி. நிக்கல் பூசின ஸ்டீல் கம்பிக்கும் சுத்த நிக்கல் கம்பிக்கும் வித்தியாசம் இருக்கு, சுத்த நிக்கல் கொஞ்சம் மிருதுவா ஒலிக்கும். ஒரு செட் கம்பி விலையில முடிஞ்சிடும்.

இவ்வளவையும் செஞ்சு பாத்தும் மனசு ஆறலைன்னா, அப்புறம் பிக்கப் வாங்குங்க. நானே லிங்க் தர்றேன்.

இன்னொரு கோஷ்டி இருக்கு, "நம்ம ஊர் வைண்டிங் கடையிலயே 42 கேஜ் கம்பி வாங்கி நானே சுத்திக்கிறேன்"னு கிளம்பறவங்க. நல்ல விஷயம், ஆனா ஒரு எச்சரிக்கை. பிக்கப் புத்தகங்கள்ல சொல்ற 42 அமெரிக்கக் கேஜ், அதாவது 0.063 மில்லிமீட்டர். நம்ம மோட்டார் காயில் கட்டுற கடைகள்ல புழங்குறது பிரிட்டிஷ் கேஜ். அங்க போய் 42 கேட்டா 0.1 மில்லிமீட்டர்ல தருவாங்க. பாபின்ல பாதிச் சுத்துகூட அடங்காது. பிரிட்டிஷ் கணக்குல 46தான் கிட்டத்தட்டச் சரியா வரும். இந்த ஒரு வரியை நம்ம பதிவுகள்ல யாராவது எழுதியிருந்தா எத்தனை பேருக்கு உபயோகமா இருந்திருக்கும்? நாம தேன் வடிச்சுக்கிட்டு இருந்தோம்.

என் கோபம் எல்லாம் அங்கதான். டோனைப் பத்தி எழுதறதுல சுகம் இருக்கு. அளந்து எழுதறதுல சுகம் இல்ல, வேலைதான் இருக்கு. "வார்ம்"னு எழுதிட்டுப் போறது ஈஸி. எந்த ஆம்ப், எவ்வளவு நீளக் கேபிள், டோன் நாப் எங்க இருந்துச்சு, பிக்கப் எவ்வளவு உயரத்துல இருந்துச்சு, பழசையும் புதுசையும் ஒரே நாள்ல மாத்தி மாத்திக் கேட்டோமா, இல்ல ஒரு வாரம் கழிச்சு ஞாபகத்துலேர்ந்து எழுதுறோமான்னு சொல்றது கஷ்டம். 23,000 ரூபாய் செலவழிச்ச காதுக்கு வித்தியாசம் கேட்டே தீரும், காசு கேக்க வெச்சிடும். எனக்கு ஐடி சம்பளம், ஏமாந்தாலும் அடுத்த மாசம் சரியாயிடும். கட்டிங் மெஷின்ல நின்னு சம்பாதிக்கிறவனுக்கு அது எட்டு மாசச் சீட்டு. அதைப் படிக்கிறவன் யாருன்னு தெரியாமத்தான் நாம எழுதுறோம். தெரியாதுங்கறதாலேயே ஜாக்கிரதையா எழுதணும்.

வேற யாரையும் திருத்துறது என் வேலை இல்ல. என் பழைய பதிவோட தலையிலேயே 'இது தப்பு'ன்னு எழுதி இந்தப் பதிவுக்குச் சுட்டி குடுத்துட்டேன். அழிக்கல, அசிங்கம் அப்படியே இருக்கட்டும். இனி பிக்கப் பத்தி எழுதினா மேல சொன்ன அஞ்சு கேள்விக்கும் பதில் இல்லாம எழுத மாட்டேன். நீங்களும் அப்படி எழுதினா சந்தோஷம். எழுதலைன்னா பின்னூட்டத்துல வந்து கேப்பேன், கோச்சுக்காதீங்க.

தம்பி அந்த ரெண்டு பிக்கப்ல ஒண்ணை மதுரையில ஒரு பையனுக்கு 8,000 ரூபாய்க்கு வித்துட்டான். இன்னொண்ணு கழுத்துப் பக்கம் இருக்கு, அதை விக்க மனசு வரலையாம். நல்ல பிக்கப்தான், அதுல குறை ஒண்ணும் இல்ல. குறை எங்க இருந்துச்சுன்னு மேல சொல்லிட்டேன்.

பி.கு: போன வாரம் போன்ல கேட்டான், "அண்ணே, கேபிள் ஆறு மீட்டரா வாங்கட்டுமா, மூணு மீட்டரா?"ன்னு. மேடை எவ்வளவு அகலமோ அதைப் பாத்து வாங்குடான்னேன்.